கரையோர நீரின் நிறமும் அதன் காரணமும்: வான்வழித் தொலையுணர்தல் – ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

கரையோரக் கடல்நீரின் நிறம் ஒரு பொருளால் மட்டும் அமைவதன்று. தாவர மிதவை உயிரிகள், ஆறுகள் கொணரும் வண்டல், மட்கிய தாவரங்களிலிருந்து கரைந்து வரும் கரிமப்பொருள், ஆழங்குறைந்த இடங்களில் கடலடித்தளம் ஆகிய நான்கும் அந்நிறத்தில் பங்குகொள்கின்றன. எனவே ஒரே நிறத்துக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். விமானத்தில் பொருத்தப்பெற்ற உணரிகளைக்கொண்டு கடலை ஆராயும் வான்வழித் தொலையுணர்தல், இக்காரணங்களைப் பிரித்தறிய எவ்வாறு உதவுகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1968ஆம் ஆண்டின் முன்னோடிப் பறப்பாய்வு, செசபீக் விரிகுடாக் கண்காணிப்பு, 2016ஆம் ஆண்டில் தொடங்கிய பவளத்திட்டு ஆய்வு ஆகியவை சான்றுகளாக எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. விமானத்தின் சிறப்பு அண்மையில் இருந்து பார்ப்பது மட்டுமன்று, ஐயத்தைக் குறைப்பதே என்பதும், அவ்வையத்தை முற்றாக நீக்கப் படகும் நீர்மாதிரியும் இன்றியமையாதன என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். இத்துறைக்குரிய தமிழ்க் கலைச்சொற்களில் காணப்படும் ஒரு மயக்கமும் சுட்டப்பெறுகிறது.

திறவுச்சொற்கள்: தொலையுணர்தல், கரையோர நீர், நிறமாலை, உட்கவர்தல், பின்சிதறல், பவளத்திட்டு, லிடார், அறிவியல் தமிழ்.

முன்னுரை

கடலும் நிலமும் கூடுமிடத்தைத் தமிழ் ஒரே சொல்லால் சுட்டி அமைவதில்லை. கழி, கானல், முகத்துவாரம், களப்பு, குடா எனப் பல சொற்கள் வழங்குகின்றன. ஒவ்வொன்றும் ஆழத்தாலும் உவர்ப்பாலும் கலங்கலாலும் வேறுபட்ட ஒரு நீர்நிலையைக் குறிக்கின்றது. இவ்வேறுபாடுகளே கரையோரக் கடலை ஆராய்வதைக் கடினமாக்குகின்றன. நடுக்கடலில் பல கிலோமீட்டர் தொலைவுக்கு நீரின் தன்மை பெரிதும் மாறாதிருக்கலாம். ஆற்றுமுகத்திலோ சில நூறு மீட்டருக்குள் நன்னீரும் உவர்நீரும், தெளிந்த நீரும் சேற்றுநீரும் அடுத்தடுத்துக் காணப்படும். ஓதம் ஏறும் அல்லது இறங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் அவற்றின் எல்லைகள் இடம்பெயர்ந்துவிடும்.

2019ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில் மன்னார் வளைகுடாவில் மண்டபம், பாம்பன் பகுதிகளை ஒட்டிய கடல் பச்சை நிறமாக மாறியது. மீன்கள் இறந்து கரையொதுங்கின. நொக்டிலூக்கா என்னும் நுண்ணுயிரி மிகுதியாகப் பெருகியதே காரணம் என நீர்மாதிரிகளின் ஆய்வு காட்டியது. இத்தகைய பெருக்கம் எங்குத் தொடங்கியது, எத்துணைப் பரப்பில் விரிந்தது, எத்திசையில் நகர்கிறது என்னும் வினாக்களுக்கு விரைவில் விடை கிடைப்பது மீன்பிடித்தொழிலுக்கும் கடலுயிர்ப் பாதுகாப்புக்கும் பெரிதும் பயன்படும். ஆனால் அதே பகுதியில் கடற்புல் அடர்ந்த தளமும் மேலிருந்து பார்ப்பதற்குப் பசுமையாகவே தோன்றும். இரண்டையும் பிரித்தறியாத கருவி, ஆபத்தில்லாத இடத்தை ஆபத்தான இடமாகவும், ஆபத்தான இடத்தை இயல்பான இடமாகவும் காட்டிவிடும். நிறத்தைக் காண்பது எளிது. நிறத்தின் காரணத்தைக் காண்பதே அறிவியலின் பணியாகும்.

நீரிலிருந்து வெளிவரும் ஒளி

கடலின் மேல் விழும் கதிரவன் ஒளியில் ஒரு சிறுபகுதி மேற்பரப்பிலேயே எதிரொளிக்கப்படுகிறது. அவ்வொளி நீருக்குள் செல்லாதது. ஆதலால் நீரைப் பற்றிய செய்தி எதனையும் அது தாங்கி வருவதில்லை. எஞ்சிய ஒளி நீருக்குள் புகுகிறது. அங்கே இருவகை நிகழ்வுகள் நடைபெறுகின்றன. ஒன்று உட்கவர்தல்: நீர் மூலக்கூறுகளும் அதிலுள்ள பொருள்களும் சில அலைநீளங்களை விழுங்கிவிடுகின்றன. மற்றொன்று சிதறல்: ஒளி தன் பாதையிலிருந்து விலகிப் பல திசைகளில் செல்கிறது. மேல்நோக்கித் திரும்பும் சிதறலே பின்சிதறல் எனப்படும். இவ்வாறு திரும்பி, நீர்ப்பரப்பைக் கடந்து வெளிவரும் ஒளியே நீரின் உள்நிலையைக் கூறவல்லது.

தூய நீர் செந்நிற ஒளியை மிகுதியாக உட்கவர்கிறது. நீலநிற ஒளியை மிகக் குறைவாகவே உட்கவர்கிறது. ஆழ்கடல் நீலமாகத் தோன்றுவதற்கு இதுவே காரணம். தாவர மிதவை உயிரிகளில் உள்ள பச்சையம் 440 நானோமீட்டர், 675 நானோமீட்டர் ஆகிய அலைநீளங்களை ஒட்டி ஒளியை உட்கவர்ந்து, பசுமையை விட்டுவிடுகிறது. அதன்றியும் 685 நானோமீட்டரை ஒட்டித் தானே சிறிது ஒளிர்கிறது. கரைந்த கரிமப்பொருள் நீல ஒளியை வலுவாக உட்கவர்ந்து நீரை மஞ்சளாகவோ பழுப்பாகவோ காட்டுகிறது. வண்டல் துகள்கள் பசுமை, சிவப்புப் பகுதிகளில் ஒளியைப் பின்சிதறச் செய்து நீரை வெளிறச் செய்கின்றன. ஆகவே ஒவ்வொரு பொருளும் நிறமாலையில் தனக்குரிய வடிவத்தைப் பதிக்கிறது. அவ்வடிவங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதுதான் சிக்கல்.

1968ஆம் ஆண்டின் பறப்பாய்வு

கடலின் நிறத்தைக்கொண்டு அதன் உயிர்வளத்தை அளக்கும் முயற்சி செயற்கைக்கோளில் தொடங்கவில்லை, விமானத்தில்தான் தொடங்கியது. 1968ஆம் ஆண்டு ஆகஸ்டு திங்களில் ஜார்ஜ் கிளார்க், கிஃபோர்டு ஈவிங், கார்ல் லோரன்சன் ஆகியோர் வட அட்லாண்டிக்கின் மேற்குப் பகுதியில் விமானத்திலிருந்து கடலின் நிறமாலையைப் பதிவு செய்தனர். உயிர்வளம் குறைந்த சர்காசோக் கடல் முதல் மீன்வளம் மிக்க ஜார்ஜஸ் திட்டு வரை பல்வேறு நீர்ப்பகுதிகள் அவ்வாய்வில் இடம்பெற்றன. பச்சையத்தின் அளவு கூடுந்தோறும் நீலப்பகுதியின் ஒளி குறைவதை அவர்களுடைய பதிவுகள் காட்டின. இம்முடிவுகள் 1970ஆம் ஆண்டு சயின்ஸ் இதழில் வெளியாயின.

அவ்வாய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. ஒரே நீர்ப்பகுதியை வெவ்வேறு உயரங்களிலிருந்து பதிவு செய்தபோது, உயரம் கூடக்கூட நிறமாலைகளுக்கிடையிலான வேறுபாடு மங்கியது. இடைப்பட்ட காற்றில் சிதறிய ஒளி, கடலின் ஒளியோடு கலந்ததே இதற்குக் காரணம். செயற்கைக்கோளின் உயரத்தை அடையும் ஒளியில் நீரிலிருந்து வெளிவந்தது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். எஞ்சியது வளிமண்டலமும் நீர்ப்பரப்பும் தந்த ஒளி. 1978ஆம் ஆண்டு நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் அனுப்பப்பெற்ற கரையோர மண்டல வண்ண அளவியும், அதன் வழிவந்த கருவிகளும் இவ்வளிமண்டலப் பங்கைக் கழிக்கும் வழிமுறையையே முதன்மையாக நாடவேண்டியிருந்தது.

கரையோரத்தில் எழும் சிக்கல்

நடுக்கடலில் நிறத்தை மாற்றும் முதன்மைப் பொருள் மிதவை உயிரிகளும் அவற்றிலிருந்து தோன்றுவனவும் ஆகும். அங்கே நீலத்துக்கும் பச்சைக்கும் உள்ள விகிதத்தைக்கொண்டே பச்சையத்தின் அளவை ஓரளவு நம்பத்தக்க வகையில் கணக்கிடலாம். கரையோரத்தில் இவ்விதி பொருந்துவதில்லை. 1977ஆம் ஆண்டு ஆந்திரே மொரேல், லூயி பிரியூர் ஆகிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் கடல்நீரை இருவகையாகப் பகுத்தனர். மிதவை உயிரிகளால் மட்டுமே ஒளித்தன்மை அமையும் நீர் முதல்வகை. வண்டலும் கரைந்த கரிமப்பொருளும் மிதவை உயிரிகளைச் சாராமல் தனித்தனியே மாறும் நீர் இரண்டாம் வகை.

இரண்டாம் வகை நீரில் நீல ஒளி குறைந்திருப்பின், அது பச்சையத்தால் குறைந்ததா, கரிமப்பொருளால் குறைந்ததா என்பதை இரண்டு மூன்று அலைநீளங்களைக்கொண்டு கூற இயலாது. நடுக்கடலுக்குரிய விதியை இங்கே அப்படியே ஏற்றினால், மழைவெள்ளத்தில் இலைச்சாறு கலந்த ஆற்றுநீரும் பாசிப்பெருக்கமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ஆழங்குறைந்த இடங்களில் மணல், கடற்புல், பவளம் ஆகியவற்றின் நிறமும் மேலெழுந்து வந்து குழப்பத்தைக் கூட்டும். கரையை ஒட்டிய நீரில் மற்றொரு கேடும் உண்டு. ஒளிமிக்க மணற்பரப்பிலிருந்தும் தாவரங்களிலிருந்தும் எழும் ஒளி காற்றில் சிதறி, அருகிலுள்ள நீரின் பதிவில் கலந்துவிடுகிறது. இதனை அண்மை விளைவு என்பர்.

விமானம் தருவன

இச்சூழலில் விமானம் மூன்று நன்மைகளைத் தருகிறது. முதலாவது, படப்புள்ளியின் நுண்மை. உணரியின் ஒரு கூறு காணும் கோணம் ஒரு மில்லிரேடியன் எனில், உயரத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கே படப்புள்ளியின் அகலம். நாசாவின் அவிரிஸ் என்னும் உணரி இத்தகையது. 20 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும்போது அதன் படப்புள்ளி 20 மீட்டர். 4 கிலோமீட்டர் உயரத்தில் 4 மீட்டர். இந்தியாவின் ஓசன்சாட் செயற்கைக்கோள்களில் 1999ஆம் ஆண்டு முதல் இடம்பெற்ற கடல்வண்ண உணரியின் படப்புள்ளி அளவு 360 மீட்டர். அவ்வளவு பக்கமுள்ள ஒரு சதுரத்துக்குள் 4 மீட்டர் படப்புள்ளிகள் 8,100 அடங்கும். கரை, திட்டு, கால்வாய் ஆகிய யாவும் ஒன்றாகக் கலந்து ஒரே எண்ணாக வெளிப்படும் இடத்தில், விமானப்படம் அவற்றைத் தனித்தனியே நிறுத்துகிறது.

இரண்டாவது, நிறமாலையின் செறிவு. அவிரிஸ் 400 முதல் 2,500 நானோமீட்டர் வரையிலான பகுதியை 224 அலைவரிசைகளாகப் பகுக்கிறது. இவ்வாறு நூற்றுக்கணக்கான, இடைவெளியற்ற அலைவரிசைகளில் பதிவு செய்யும் கருவி மீநிறமாலை உணரி எனப்படும். இரண்டு எண்களின் விகிதத்தை நோக்காமல் நிறமாலையின் முழு வளைவையும் நோக்குவதால், ஒன்றன்மேல் ஒன்று படிந்த வடிவங்களைப் பிரித்தெடுக்கும் வாய்ப்புக் கூடுகிறது. நீலப்பாசிகளுக்குரிய நிறமி 620 நானோமீட்டரை ஒட்டி ஏற்படுத்தும் பள்ளம், பச்சையத்தின் 675 நானோமீட்டர்ப் பள்ளத்திலிருந்து தனித்து நிற்பது இத்தகைய பதிவில்தான் தெளிவாகும்.

மூன்றாவது, காலத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை. செயற்கைக்கோள் தன் பாதைக்குரிய நேரத்தில்தான் வரும். அந்நேரத்தில் மேகம் இருந்தால் பதிவு வீணாகும். விமானமோ ஓதம் வற்றிய நேரம், மேகம் விலகிய நேரம், வெள்ளம் வந்த மறுநாள் என வேண்டிய பொழுதில் புறப்படலாம். உயர்ந்த மேகத்தின் கீழும் பறக்கலாம்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் 1989ஆம் ஆண்டு முதல் நடைபெற்ற கண்காணிப்பு இதற்குத் தக்க சான்று. லாரன்ஸ் ஹார்டிங் முதலிய ஆய்வாளர்கள் சிறு விமானத்தில், ஏறத்தாழ 150 மீட்டர் உயரத்தில், ஆண்டுதோறும் பலமுறை அவ்விரிகுடாவின் மேல் பறந்து பதிவு செய்தனர். தொடக்கக் கருவி 460, 490, 520 நானோமீட்டர் ஆகிய மூன்று அலைவரிசைகளை மட்டுமே அளந்தது. எனினும் தாழப் பறந்ததால் வளிமண்டலக் கலப்பு மிகக் குறைந்தது. அடிக்கடி பறந்ததால் இளவேனிற் காலப் பாசிப்பெருக்கம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவது புலப்பட்டது. அம்மாற்றம் சஸ்குவகன்னா ஆற்றின் நீர்வரத்தோடு தொடர்புடையது என்பதும் உணரப்பட்டது. எளிய கருவியும் தக்க காலத்தில் மீண்டும் மீண்டும் பயன்படுத்தப்பெறின் அரிய உண்மையை வெளிக்கொணரும் என்பதை இவ்வாய்வு உணர்த்துகிறது.

ஒளிநிறம் அல்லாத பிற அளவைகள்

விமானத்திலிருந்து நிறத்தை மட்டுமின்றி ஆழம், வெப்பம், உவர்ப்பு ஆகியவற்றையும் அளக்கலாம். ஆழத்தை அளப்பது லிடார் என்னும் சீரொளிக் கருவி. அது 1,064 நானோமீட்டர் அகச்சிவப்புத் துடிப்பையும் 532 நானோமீட்டர் பச்சைத் துடிப்பையும் கடல்நோக்கி அனுப்புகிறது. அகச்சிவப்பு நீர்ப்பரப்பிலிருந்து திரும்புகிறது; பச்சை நீரைத் துளைத்துத் தளத்தைத் தொட்டுத் திரும்புகிறது. இரண்டும் திரும்பும் நேரங்களின் இடைவெளியே ஆழத்தைத் தருகிறது. நீரில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 22.5 கோடி மீட்டர். இடைவெளி 100 நானோநொடி எனில் ஒளி நீருக்குள் சென்றுவந்த தொலைவு 22.5 மீட்டர், ஆழம் அதில் பாதி, அதாவது 11.25 மீட்டர். ஆஸ்திரேலியக் கடற்படை 1993ஆம் ஆண்டு முதலும், அமெரிக்கப் படைப் பொறியாளர் பிரிவு 1994ஆம் ஆண்டு முதலும் இம்முறையைப் பயன்படுத்திவந்தன. தெளிந்த நீரில் பல பத்து மீட்டர் ஆழம் வரை அளக்கும் இக்கருவி, சேற்றுநீரில் சில மீட்டருக்குள் பயனற்றுப்போகும்.

வெப்ப அகச்சிவப்பு உணரி நீரின் மேற்றோல் போன்ற மிக மெல்லிய படலத்தின் வெப்பத்தையே அறியும். எனினும் அது சில வேளைகளில் ஆழ்ந்த உண்மையை வெளிப்படுத்துகிறது. ஹவாய்த் தீவின் மேற்குக் கரையில் விமானத்திலிருந்து எடுக்கப்பெற்ற வெப்பப்படங்கள், கடலடியிலிருந்து ஊறிவரும் குளிர்ந்த நிலத்தடிநீர் கடலில் விசிறிபோல் பரவுவதைக் காட்டின. உப்பினும் எடைகுறைந்த அந்நன்னீர் மேலே மிதப்பதால் மெல்லிய படலத்தின் அளவீடே போதுமானதாயிற்று. ஊட்டப்பொருள் மிகுந்த அந்நீர் எங்கெங்கே கடலைச் சேர்கிறது என்பதைக் கரையிலிருந்து காண்பது அரிது. உவர்ப்பை அளப்பதற்கு 1.4 கிகாஹெர்ட்சு அலைவெண்ணை ஒட்டிய நுண்ணலைக் கதிர்வீச்சுமானி பயன்படுகிறது. நீரின் உப்பு கூடும்போது அவ்வலைவெண்ணில் நீர் உமிழும் கதிர்வீச்சு குறைகிறது. இவ்விளைவு வெதுவெதுப்பான நீரில் வலுவாகவும் குளிர்ந்த நீரில் மெலிவாகவும் இருக்கும் என்பதால் இம்முறை வெப்பமண்டலக் கடல்களுக்கு மிகவும் ஏற்றது.

பவளத்திட்டுகள்: ஆழமும் அடையாளமும்

வான்வழி ஆய்வின் ஆற்றலையும் எல்லையையும் ஒருசேரக் காட்டுவது பவளத்திட்டு ஆய்வாகும். நாசாவின் கோரல் என்னும் திட்டம் எரிக் ஹாக்பெர்க் தலைமையில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டு, ஹவாய், மரியானாத் தீவுகள், பலாவு ஆகிய இடங்களில் பறப்பாய்வு நடத்தியது. அதற்கெனப் பயன்பட்ட பிரிசம் என்னும் உணரி ஜெட் உந்துவிசை ஆய்வுக்கூடத்தில் உருவானது. 350 முதல் 1,050 நானோமீட்டர் வரை ஏறத்தாழ 3 நானோமீட்டர் இடைவெளியில் பதிவு செய்வது. ஏறத்தாழ 8.5 கிலோமீட்டர் உயரத்தில் பறந்த விமானத்திலிருந்து 8 மீட்டர் அளவிலான படப்புள்ளிகள் கிடைத்தன. அதுவரை திட்டுகளைப் பற்றிய அறிவு பெரும்பாலும் நீர்மூழ்குவோர் சில இடங்களில் அளந்தவற்றைச் சார்ந்தே இருந்தது. ஒரு திட்டின் பெரும்பரப்பையும் ஒரே அளவுகோலால் அளந்து, பவளம், பாசி, மணல் ஆகியவற்றின் பங்கைக் கணக்கிடுவதே இத்திட்டத்தின் நோக்கம்.

பழுப்புநிறப் பவளத்தின் நிறமாலையில் 575, 600, 650 நானோமீட்டர்களை ஒட்டி மூன்று முகடுகள் காணப்படும். பாசியிலிருந்து பவளத்தைப் பிரித்தறிய இவை உதவுகின்றன. ஆனால் இடையிலுள்ள நீர் இவற்றை விழுங்குகிறது. தூய நீரின் உட்கவர்தல் அளவு 650 நானோமீட்டரில் மீட்டருக்கு 0.34, 575 நானோமீட்டரில் 0.077, 440 நானோமீட்டரில் 0.006. ஐந்து மீட்டர் ஆழத்திலுள்ள பவளத்தைத் தொட்டுத் திரும்பும் ஒளி பத்து மீட்டர் நீரைக் கடக்கிறது. சாய்வுப் பாதையையும் சிதறலையும் விடுத்து, நேர்க்குத்தாகச் சென்று திரும்புவதாகக் கொண்டு கணக்கிட்டாலும், 440 நானோமீட்டர் ஒளியில் நூற்றுக்கு 94 பங்கும், 575 நானோமீட்டர் ஒளியில் 46 பங்கும் எஞ்ச, 650 நானோமீட்டர் ஒளியில் 3 பங்கு மட்டுமே எஞ்சும். பவளத்தின் அடையாளம் மிகுந்துள்ள பகுதியிலேயே நீரின் மறைப்பும் மிகுந்துள்ளது. விமானத்தை எவ்வளவு தாழப் பறக்கவிட்டாலும் இக்குறை நீங்காது. ஏனெனில் மறைப்பது காற்றன்று, நீர்.

எனவே ஆழத்தையும் நீரின் தெளிவையும் தளத்தின் நிறத்தையும் ஒருங்கே கணித்தல் வேண்டும். இம்மூன்றில் ஒன்றைத் தவறாகக் கொள்ளின் மற்றவையும் பிழையாகும். லிடார் தரும் ஆழம் இங்கே பெருந்துணையாகிறது. காலமும் இங்கு முக்கியமானது. வெப்பத்தால் வெளிறிய பவளம் வெண்மையாக ஒளிர்ந்து மணலை ஒத்துத் தோன்றும். இறந்த பின்னர்ப் பாசி படர்ந்து பாசித்தளமாகவே தோன்றும். வெளிறிய நிலையில் அது மீளவும் கூடும், மடியவும் கூடும். அவ்விடைக்காலத்தில் எடுக்கப்படாத படம், பின்னர் எத்துணை நுண்மையாக எடுக்கப்பட்டாலும், எது இழக்கப்பட்டது என்பதைத் தெளிவாகக் கூறாது.

பறப்பும் படகும்

வான்வழிப் பதிவின் தரம் பெரும்பாலும் புறப்படும் முன்னரே முடிவாகிவிடுகிறது. கதிரவன் தலைக்கு நேரே நிற்கும் நண்பகலில் நீர்ப்பரப்பின் பளபளப்பு உணரியில் நேரடியாக விழுந்து, நீரின் ஒளியை மூடிவிடும். மிகத் தாழ்ந்திருக்கும் காலை மாலைகளில் நீருக்குள் புகும் ஒளி குறைவு. ஆகவே கதிரவன் அடிவானத்திலிருந்து 30 முதல் 60 பாகை உயரத்தில் இருக்கும் வேளையே பொதுவாகத் தெரிவு செய்யப்படுகிறது. விமானம் கதிரவனை நோக்கியோ அதற்கு நேர் எதிராகவோ பறக்குமாறு தடங்கள் வகுக்கப்படுகின்றன. காற்று மிகுந்து வெண்ணுரை எழுந்தால் பறப்பு ஒத்திவைக்கப்படும்.

அதே வேளையில் கடலில் படகு இருத்தல் வேண்டும். படகிலுள்ளோர் நீர்மாதிரி எடுத்து வடிகட்டிப் பச்சையத்தையும் வண்டலையும் அளக்கின்றனர். கையிலுள்ள கதிர்வீச்சுமானியால் நீரின் ஒளியைப் பதிவு செய்கின்றனர். 1865ஆம் ஆண்டு ஆஞ்செலோ செக்கி என்னும் இத்தாலிய அறிஞர் பயன்படுத்திய வெண்தட்டைப் போன்ற ஒரு தட்டை நீருக்குள் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிக்கின்றனர். விமானத்தின் அளவீடும் படகின் அளவீடும் ஒத்துப்போகும் இடங்களில்தான் ஏனைய படப்புள்ளிகளின் கணக்கீடு நம்பத்தக்கதாகிறது. ஓதம் மிக்க முகத்துவாரத்தில் இரண்டிற்கும் இடையே ஒரு மணி நேரம் கடந்தாலும், ஒப்பிடப்படுவது வேறு நீராகிவிடும்.

அண்மைக்காலத்தில் ஆளில்லா வானூர்திகள் இப்பணியில் ஈடுபடுத்தப்படுகின்றன. செலவு குறைவு, மிகத் தாழப் பறத்தல் ஆகியன அவற்றின் நன்மைகள். ஆனால் நிலப்படங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கு உதவும் மரம், சாலை, கட்டடம் போன்ற நிலையான அடையாளங்கள் திறந்த நீரில் இல்லை. அலைகள் படத்துக்குப் படம் மாறுகின்றன. ஆதலின் பரந்த நீர்ப்பரப்புக்கு ஆளேறும் விமானமும், கழி, திட்டு போன்ற சிறுபரப்புக்கு ஆளில்லா வானூர்தியும் ஏற்புடையனவாகக் கருதலாம்.

வடகடலும் தென்கடலும்

இக்கருத்துகளைத் தமிழகக் கடற்கரையில் பொருத்திப் பார்ப்பதற்குப் பாம்பனை ஒட்டிய பகுதி தக்க இடமாகும். அப்பகுதி மீனவர் பாக் விரிகுடாவை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் வழங்குவர். வடகிழக்குப் பருவக்காற்றில் வடகடல் கலங்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் தென்கடல் கொந்தளிக்கும். பாக் விரிகுடாவின் ஆழம் பெரும்பாலும் 15 மீட்டருக்குள் அடங்குவது. எனவே தெளிந்த பருவத்தில் கடலடித்தளமும், கலங்கிய பருவத்தில் வண்டலுமே அதன் நிறத்தில் மேலோங்கும். ஒரே கணக்கீட்டு முறை ஆண்டு முழுதும் ஒரே கடலுக்குப் பொருந்தாது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை. எந்தக் கடலில் எப்பருவத்தில் பறப்பது என்னும் வினாவுக்கு, மீனவரின் பருவ அறிவு கருவிக்கு முந்திய விடையாக அமைகிறது.

இங்கு அளவிடவேண்டுவன பல. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் உள்ளன. 1986ஆம் ஆண்டு கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இப்பகுதியில் 2010, 2016ஆம் ஆண்டுகளில் பவளங்கள் வெளிறின. பாக் விரிகுடாவில் 2022ஆம் ஆண்டு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசுவின் உணவு கடற்புல். ஆகவே கடற்புல் எங்கு எவ்வளவு உள்ளது என்னும் கணக்கே அப்பாதுகாப்பின் அடிப்படையாகும். பசிய கடலில் கடற்புல்லையும் பாசிப்பெருக்கத்தையும் வேறுபடுத்தும் ஆற்றல் இங்கு அறிவார்வத்துக்காக மட்டும் தேவைப்படுவதன்று. எப்பகுதியில் மீன்பிடிப்பது, எப்பகுதியைக் காப்பது என்னும் முடிவுகள் அதனைச் சார்ந்தவை. பிழையான வரைபடத்தின் சுமையைத் தாங்குவோர் கரையில் வாழ்வோரே.

ஓர் இடர்ப்பாடும் உண்டு. 1974, 1976ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையிலான கடல் எல்லை இந்நீர்ப்பரப்பின் ஊடே செல்கிறது. விமானத் தடம் அவ்வெல்லையில் திரும்பவேண்டும்; வண்டலும் பாசிப்பெருக்கமும் திரும்புவதில்லை. எல்லைக்கு இருபுறமும் ஒரே காலத்தில், ஒரே அளவுத்திருத்தத்துடன் பதிவுகள் எடுக்கப்பட்டுப் பகிரப்பட்டால்தான் அக்கடலின் முழு நிலையும் புலனாகும்.

கலைச்சொல் பற்றிய ஒரு குறிப்பு

தமிழில் இத்துறையைப் பற்றி எழுதும்போது ‘எதிரொளிப்பு’ என்னும் ஒரே சொல் இருவேறு பொருளில் ஆளப்படுகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளியும் எதிரொளிப்பு. நீருக்குள் சென்று, உட்கவரப்பட்டதுபோக எஞ்சி, பின்சிதறி வெளிவரும் ஒளியும் எதிரொளிப்பு. முன்னது நீக்கவேண்டிய இடையூறு. பின்னது தேடும் செய்தி. இரண்டையும் ஒரு சொல்லால் சுட்டும்போது, கடலின் நிறம் வானத்தின் நிழல் என்னும் பழைய எண்ணத்துக்கே படிப்பவர் திரும்ப நேரிடும். முன்னதற்குப் ‘பரப்பெதிரொளி’ என்றும் பின்னதற்கு ‘நீர்வெளியேறு ஒளி’ என்றும் தனித்தனிச் சொற்கள் ஆளப்படின் இம்மயக்கம் நீங்கும். அதுபோன்றே ‘கலங்கல்’ என்னும் வழக்குச்சொல் வண்டல் மிகுதியையும் பாசி மிகுதியையும் கரிமப்பொருள் மிகுதியையும் ஒருங்கே குறிக்கின்றது. பொதுவழக்கில் அது குறையன்று. ஆய்வுரையில் மட்டும் ‘வண்டற்கலங்கல்’, ‘பாசிக்கலங்கல்’, ‘கரிமக்கறை’ எனக் காரணம் தோன்றப் பகுத்து வழங்குதல் நன்று. காரணத்தைப் பிரித்தறிய முயலும் துறைக்குக் காரணத்தைப் பிரித்துச் சொல்லும் மொழி தேவை.

முடிவுரை

கரையோர நீரின் நிறம் பல காரணங்களின் கூட்டு. செயற்கைக்கோள் அந்நிறத்தைப் பரந்த அளவில், தொடர்ச்சியாகக் காண்கிறது. படகு ஒரு புள்ளியில் காரணத்தை ஐயமின்றிக் காண்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் விமானம் நிற்கிறது. நுண்ணிய படப்புள்ளியாலும் செறிந்த நிறமாலையாலும் காலத் தெரிவாலும் அது ஐயத்தைக் குறைக்கிறது. ஆயினும் 1968ஆம் ஆண்டு பறப்பு முதல் அண்மைக்காலப் பவளத்திட்டு ஆய்வு வரை எந்த முயற்சியும் நீரைத் தொட்டு அளப்பதைக் கைவிட்டதில்லை. ஐந்து மீட்டர் நீர் செவ்வொளியில் பெரும்பங்கை விழுங்கிவிடும் என்னும் எளிய கணக்கே, மேலிருந்து காண்பதற்கு இயற்கை விதித்த எல்லையைக் காட்டப் போதுமானது. ஆகவே ஒரு கடற்பகுதிக்கு வான்வழி ஆய்வு திட்டமிடப்படும்போது, உணரிக்கும் விமானத்துக்கும் ஒதுக்கப்படும் கவனம் படகுக்கும் நீர்மாதிரிக்கும் அப்பகுதி மீனவரின் பருவ அறிவுக்கும் ஒதுக்கப்படுதல் வேண்டும். அவ்வாறு அமைந்த ஆய்வே, பச்சையாகத் தெரியும் கடலில் இருப்பது புல்லா பாசியா என்னும் வினாவுக்குப் பொறுப்புடன் விடை கூறும்.